கறுவாவின் இரண்டு படங்கள்

பாணந்துறை றெயில் போகட்டும் என்று
பொத்தானில் விரல் வைக்காமல் நிற்கிறேன்.
வெள்ளவத்தையில் எங்களுக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு மதில், ஒரு செவ்விளநீர்க் கடை, இரண்டு தண்டவாளம்.
றெயில் போனால் மேசை நடுங்கும்.
மேசை நடுங்கினால் எலும்பின் ஓரம் கலங்கும்.
கலங்கிய படத்தைத் திரும்ப எடுக்கவேண்டும்.
திரும்ப எடுப்பதெல்லாம்
கேட்காமல் ஒரு உடம்பின் பேரில் வாங்கும் கடன்.

மேசையில் கறுவா.
பட்டை நிறப் பூனை, மூன்றரைக் கிலோ,
ஊசிமருந்தில் நாக்கு நுனி வெளியே தெரிய
உறங்குகிறது.

ஜெசிந்தா சாறிச் சட்டை தைக்கிறவள்.
மத்தியானம் ஊசிப் பஞ்சில் ஒன்று குறைந்ததாம்.
நூலும் கோத்திருந்ததாம், சிவப்பு.
பூனை இரண்டு தரம் ஓங்காளித்ததாம்.
"நான் பிடிக்கிறன் மிஸ், என்ர கைக்கு அடங்கும்."

கை வேண்டாம்.
முன்னங்காலுக்கு ஒரு மணல்மூட்டை,
பின்னங்காலுக்கு ஒன்று,
நெஞ்சின் கீழே ஆப்புப் பஞ்சு.
இந்த வேலையில் அன்பு என்பது
தூரப் போய் நிற்பது.

பிறகு, எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்வி.
படிவத்தில் ஏழாவது. குரலை மாற்றாமல்தான் கேட்டேன்:
"பிள்ளை ஏதும் தங்கியிருக்கா?"

மாமியார் குடையை மடித்துக்கொண்டிருந்தார்.
ஜெசிந்தா மாமியாரைப் பார்த்தாள்,
குடையைப் பார்த்தாள்,
"இல்லை" என்றாள்.

இல்லையோ ஆமோ, எல்லாருக்கும் வெளியேதான் இடம்.
கதவைத் தாண்டினால் போதும்.
அவள் நடையையும் தாண்டி,
மருந்து வாங்குகிற யன்னலையும் தாண்டி,
தெருப்படிவரை போய் நின்றாள்.

வயிற்றை அளந்தேன், எட்டரை சென்ரிமீற்றர்.
ஐம்பத்திரண்டு கிலோவோல்ட்.
ஒளிச்சட்டத்தை வயிற்றளவுக்குச் சுருக்கினேன்.
தேவைக்கு மேல் ஒரு விரல்கூட வெளிச்சம் இல்லை.
இடப்பக்கத்துக்கு ஈய எழுத்து.
ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நான்.
மூச்சு வெளியே போய், அடுத்தது வருமுன்
விலா அசையாமல் கிடக்கும் அந்தச் சின்ன இடைவெளி.

அப்போது.

திரையில் முள்ளந்தண்டு, நிழலாய் ஈரல்,
இரைப்பையில் ஒரு வெள்ளைப் புள்ளி.
மிளகில் பாதி.
"கல்லாக இருக்கும்" என்றார் டொக்டர் விதானகே.
மணி ஆறாகிறது, அவருக்கு மகளின் நடன வகுப்பு.
"மல்லாத்தி ஒன்று எடுப்பம் சேர்" என்றேன்.

பக்கவாட்டில் பார்த்த எதையும்
நிமிர்த்திப் பார்க்காமல் நம்புவதில்லை நான்.
மனுசரில் இந்தப் புத்தி எனக்கு வேலை செய்ததில்லை,
அது வேறு கதை.

தொட்டில் பஞ்சில் கறுவாவை மல்லாத்தி,
கால்களை இழுத்து ரேப் ஒட்டி,
மருதானைப் பக்கம் திரும்புகிற றெயிலையும் போகவிட்டு,
மூச்சுக்குக் காத்திருந்து

புள்ளி நீண்டது.
மூன்று சென்ரிமீற்றர்,
காது துவாரம் உட்பட.
முதல் படத்தில் அது எங்களை நேரே பார்த்துக்கொண்டு
புள்ளியாய் நடித்திருக்கிறது.
நூல் படத்தில் விழவில்லை. நூல் விழாது.
டொக்டர் கைபேசியில் வீட்டுக்குச் சொன்னார்,
சிங்களத்தில், மெதுவாக, இரண்டு தரம் மன்னிப்பு.

எட்டு மணிக்கு ஊசி வெளியே வந்தது.
பின்னாலேயே சிவப்பு நூல், நனைந்து, ஒரு சாண்.

ஈய அங்கியைக் கொழுவியில் தொங்கவிட்டேன்.
மடிக்கக்கூடாது. மடித்தால் உள்ளே வெடிக்கும்,
வெளித்துணி சொல்லாது.

கை கழுவுகிற இடத்தில்
ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள்.
மாமியார் காசு எண்ணிக்கொண்டிருந்தார்.
குழாயைக் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டு
கேட்டாள்:
"நான் நிண்ட தூரம் காணுமா மிஸ்?"

"தாராளமாக் காணும்.
சுவருக்குள்ள ஈயம் இருக்கு."

தலையை ஆட்டினாள்.
இரண்டு பேரும் வேண்டியதற்கு மேல்
சவர்க்காரம் போட்டோம்.

படிவத்தில் ஏழாவது விடையை நான் திருத்தவில்லை.
மணல்மூட்டைகளைத் துடைத்தேன்.
வெளியே பெட்டியில் ஒரு ஆமை,
கதிரையில் ஒரு சின்னப் பொடியன்.
"நான் பிடிக்கட்டா?" என்று எழும்பினான்.